பி.ஓ.ஆர். எழுதத் தெரிந்தவன்

விமானப்படையில் இருந்தேன் என்றால், "எந்த ப்ளேன் ஓட்டினீங்க?" என்பார்கள். ஆபீஸ் வேலை பார்க்கும் கிளார்க் ஜி.டி. (ஜெனரல் டியூட்டீஸ்) என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். 1933-இல் கராச்சி ட்ரிக் ரோட்டில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது வாபிட்டி விமானங்கள் 4, ஏர்மேன்கள் 19. விமானத்தைவிட ஆள் கணக்குதான் அன்றைக்கே பெரிசு.

விமானப்படைத் தலைமையகமான வாயு பவனில் ஏர் மார்ஷல்கள் கையெழுத்திடுவது ஏழு கமாண்டுகள் வழியாக ஸ்டேஷனுக்கு இறங்கும். ஆனால் அது ஒருவனுக்குச் சம்பளமாகவோ லீவாகவோ மாறுவது யூனிட் ஆபீசான ஆர்டர்லி ரூமில்தான். ஒருவனின் சர்வீஸ் விவரத்தில் நேரும் மாற்றத்தைப் பதிந்து அங்கிருந்து வெளியிடும் அறிக்கைதான் பி.ஓ.ஆர். அது வெளிவராத கல்யாணம், விமானப்படையைப் பொறுத்தவரை நடக்காத கல்யாணம்.

இதை எனக்குப் புகட்டியவர் ஒரு பஞ்சாபி வாரண்ட் ஆபீசர்; எங்களுக்கு 'சாப்'. நம்மூர்ப் பையன்களின் பெயர்கள்தான் அவருக்கும் எனக்கும் தீராத வழக்கு. இங்கே இனிஷியலாக முன்னால் நிற்கும் தகப்பன் பெயர், சர்வீஸ் டாக்குமெண்டில் விரிந்து பின்னால் போய் உட்காரும். மனைவி பாடு இன்னும் மோசம்: பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியல், கல்யாணப் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர். "மூணு பேரும் ஒருத்திதான்னு காகிதத்துல காட்டு" என்று ஃபைலைத் திருப்பி எறிவார் சாப். அஃபிடவிட் வாங்க ஊருக்கு எழுதினால் அந்த ஏர்மேன் என்னைத்தான் திட்டுவான். சாப் அசையமாட்டார். சுப்ரோதோ பார்க் ரெக்கார்ட் ஆபீசில் இருப்பவன் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போவதில்லை, உன் காகிதத்தைத்தான் பார்ப்பான் என்பார். எரிச்சலாக இருக்கும். வயசாக ஆகத்தான் அந்த மனுஷனின் அருமை தெரிந்தது.

இப்போது எல்லாம் கணினி. பழைய பதிவை நகலெடுத்து, சர்வீஸ் நம்பரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் குடும்ப ஓய்வூதியம் ஒரேயொரு இனிஷியலில் சிக்கிக் கிடந்தது. ஃபைல் அலைந்ததே தவிர, அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் கேட்க ஆளில்லை. முன்பெல்லாம் அந்த யூனிட்டில் ஒரு சாப் இருந்திருப்பார்.

இனி அப்படி ஒரு சாப் உருவாவதும் கஷ்டம். 2022-இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு வருஷம்தான் வேலை. அதற்குமேல் நிரந்தரமாக வைத்துக்கொள்வது நூற்றுக்கு 25 பேர் வரைதான். ஒரு பைலட்டை உருவாக்க எத்தனை கோடி என்று எல்லோரும் பேசுகிறார்கள்; கிளார்க்கை உருவாக்கவும் வருஷங்கள் வேண்டும். நான்கு வருஷத்தில் கிளார்க்குக்கு ரூல் புத்தகமே பிடிபடாது. பிடிபட்டவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுத்து வருகிறவனுக்கு யார் ஃபைலைத் திருப்பி எறிவது?