கையால் இறைத்த கடல்

மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாளைச் சேவிப்போர் அறிந்த வரலாறு இது. திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பரந்தாமனின் திருவடிகளில் தாமரை மலர்களைச் சமர்ப்பிக்க விரும்பினார் புண்டரீக மகரிஷி. குறுக்கே நின்றது கடல். அவர் சலிக்கவில்லை, இரு கைகளாலும் நீரை முகந்து இறைக்கத் தொடங்கினார். எம்பெருமான் முதியவராக வந்து, பசிக்கு அன்னம் கேட்டு மகரிஷியை அனுப்பிவிட்டு, அவர் திரும்புவதற்குள் அந்த மலர்களைச் சூடித் தரையிலேயே சயனித்துக் காட்சி தந்தான் என்கிறது தலபுராணம்.

சிறு வயது முதல் கேட்ட இக்கதையின் பொருள், அறுபது வயதைக் கடந்த பிறகே எனக்கு நெருக்கமாயிற்று. இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்து சேர்ந்த சர்க்கரை நோய். பேரன் குறைமாதத்தில் பிறந்து பிழைத்தபோது, திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் எழுந்தருளியிருக்கும் வேதகிரீஸ்வரரைப் படியேறி வந்து வணங்குவதாக நேர்ந்துகொண்டிருந்தேன். அந்த மலைக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். எனக்கோ வீட்டு மாடிப்படிகளே மலையாக இருந்தன.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் என்னை இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த சிகிச்சையாளர் என் மகள் வயதுப் பெண். “கால் வலி குறைந்தால் முதலில் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள், அம்மா?” என்று கேட்டார். வேதகிரி என்றேன். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மறைக்காமல் ஒன்று சொன்னார். “தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சியால் மீண்டும் வளர்க்க முடியாது. ஆனால் தொடைத் தசை வலுப்பெற்றால், மூட்டின் சுமையை அது பகிர்ந்துகொள்ளும்.”

அவர் வகுத்துத் தந்தவை எளியவை. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழ் சுருட்டி வைத்த துண்டை அழுத்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். படுத்தபடி, முழங்காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்க வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர வேண்டும். ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். பயிற்சியின்போது சிறிது நோகலாம்; மறுநாளும் அந்த நோவு நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே எனக்குரிய வேகம். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், அதே பயிற்சி மற்றொரு நோய்க்கும் துணையாகும் என்றார்.

விளக்கேற்றியதும் பயிற்சி என்று நேரம் வகுத்துக்கொண்டேன். முதல் மாதம் மாற்றமேதும் தெரியவில்லை. நாளொன்றுக்குப் பத்து முறை கால் தூக்கி ஒரு மலையை எட்டுவதாவது என்று மனம் சோர்ந்த வேளைகளில், கடற்கரையில் குனிந்து நின்ற மகரிஷியை நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதத்தில் மாடிப்படிகளைக் கைப்பிடி பற்றாமல் ஏறினேன்.

எங்கள் தெருவில் பக்கவாதத்தால் படுத்த பெரியவர் ஒருவர் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் அவர் இல்லத்துக்கே வருகிறார். மருத்துவமனைக்குச் செல்ல இயலாதவரைச் சிகிச்சை தேடி வருவதைக் காணும்போதும், அடியவரைத் தேடிக் கரைக்கு வந்த பெருமாளின் நினைவே எழுகிறது.

எட்டாம் மாதம், கார்த்திகையில், மலையேறச் சிகிச்சையாளர் இசைந்தார். “ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குப் பாரம், அம்மா. இறங்கவும் வலிமையை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோகும் கால் முன்னே. ஊன்றுகோல் அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். சுடும் கல்லில் வெறுங்காலுடன் நடக்கலாகாது என்பதால் விடியற்காலையையே தேர்ந்தோம்.

இருபது படிகளுக்கு ஒருமுறை அமர்ந்தேன். பேரன் ஓடி ஓடி மேலே சென்று, எனக்காகத் திரும்பி வந்தான். சந்நிதியில் தீபாராதனையைக் கண்டபோது எந்த வேண்டுதலும் நாவில் எழவில்லை. இறங்கும் வழியில் பல்லவர் காலத்து ஒருக்கல் மண்டபத்தில் நெடுநேரம் இளைப்பாறினோம். பின்னர் அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரரையும் திரிபுரசுந்தரி அம்மனையும் தரிசித்தோம்.

மறுநாள் காலை, வழக்கம்போல் விளக்கேற்றிவிட்டுத் துண்டைச் சுருட்டி முழங்காலின் கீழ் வைத்தேன். நேர்த்திக்கடன் நிறைவேறியது, நோய் நீங்கிவிடவில்லை. மகரிஷி இறைத்ததால் கடலும் வற்றவில்லை. இன்றும் அந்தக் கோயிலுக்கு அருகே அலையடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மலைத்தலம் செல்ல விழைந்து, மூட்டுவலியால் தயங்கும் அன்பர்கள் முதலில் மருத்துவரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் கலந்து தங்கள் அளவை அறியட்டும். கைக்கு எட்டும் நீரை நாம் இறைப்போம். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.