குலசேகரம் டு டெல்லி: ஒரு வழக்கு போகும் பாதை

குலசேகரத்தில் சூரியன் எழுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நுழையும் தொழிலாளர்கள், மரத்துக்கு மரம் பால் வெட்டிச் சிரட்டையைச் சரிசெய்துவிட்டு நகர்கிறார்கள். ஒரு பக்கம் திற்பரப்பு அருவி. இன்னொரு பக்கம் 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை. அதற்கும் மேலே கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம்.

காடும் தோட்டமும் வீடும் இப்படி ஒட்டிக் கிடக்கும் பகுதிகளில், எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. அதனால்தான் 2022 ஜூன் 3-ம் தேதி டெல்லியில் வந்த உத்தரவை மலையோர ஊர்கள் உற்றுப் பார்த்தன. பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது 1 கி.மீ. தூரத்துக்குச் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும், அதற்குள் புதிய நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கூடலூர் காடுகளுக்காக கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கின் நீட்சி அது.

சொன்னது மூன்று நீதிபதிகள். அந்த மூவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார்கள்?

தக்கலையில் ஒரு நிறுத்தம்

குலசேகரத்திலிருந்து தக்கலை போனால் பத்மநாபபுரம் அரண்மனை. அதன் மந்திரசாலையில்தான் திருவிதாங்கூர் மன்னர் அமைச்சர்களோடு ஆலோசித்து முடிவெடுத்தார். 1956 நவம்பர் 1 வரை குலசேகரமும் திருவிதாங்கூர் பக்கம்தான். அந்தச் சமஸ்தானத்தில்தான் 1937-ல் அன்னா சாண்டி முன்சீப் ஆனார். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. அதே மண்ணில், பத்தனம்திட்டாவில் பிறந்த பாத்திமா பீவி 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பிறகு தமிழக ஆளுநராகவும் இருந்தார்.

இன்று இந்தப் பகுதியின் வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் தொடங்கினால், நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றம், 2004-ல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கடைசியாக டெல்லி என்று படியேறும்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

உயர் நீதிமன்றத்தில் 5 ஆண்டு நீதிபதியாகவோ, 10 ஆண்டு வழக்கறிஞராகவோ இருந்தவர் உச்ச நீதிமன்றத்துக்குத் தகுதியானவர். சிறந்த சட்ட அறிஞரையும் நியமிக்கலாம். பொள்ளாச்சியைச் சேர்ந்த கே.வி.விஸ்வநாதன் 2023-ல் வழக்கறிஞராக இருந்து நேரடியாக அங்கே போனவர்.

பெயரைப் பரிந்துரைப்பது தலைமை நீதிபதியும் அடுத்த 4 மூத்த நீதிபதிகளும் கொண்ட கொலீஜியம். 1993, 1998 தீர்ப்புகளில் உருவான முறை இது. 1993-ல் தீர்ப்பு சொன்ன 9 பேரில் பக்கத்து நெல்லை மாவட்டத்தின் எஸ்.ரத்தினவேல் பாண்டியனும் ஒருவர். பெண்களுக்கும் நலிந்த பிரிவினருக்கும் நீதிபதி பதவிகளில் இடம் வேண்டும் என்று அதில் எழுதினார்.

பெயரை மத்திய அரசு திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் மறுபடி வலியுறுத்தினால் நியமிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காலக்கெடு இல்லாததால் கோப்புகள் தூங்குவதும் உண்டு. 'நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதா?' என்ற கேள்வியோடு வந்த நியமன ஆணையச் சட்டத்தை 2015-ல் 4-க்கு 1 என்ற கணக்கில் நீதிமன்றம் ரத்து செய்தது. அமெரிக்காவில் அதிபர் முன்மொழிய, செனட் ஒப்புதல் தர, 9 பேரும் ஆயுள் முழுக்க இருக்கலாம். இங்கே 65 வயதில் ஓய்வு.

எப்படி முடிவெடுக்கிறார்கள்?

2019-ல் நீதிபதிகளின் எண்ணிக்கை 34 ஆனது. எல்லோரும் சேர்ந்து உட்காருவதில்லை. பெரும்பாலான வழக்குகளுக்கு 2 அல்லது 3 பேர். அரசியலமைப்பை விளக்கும் முக்கியக் கேள்விக்குக் குறைந்தது 5 பேர். எந்த வழக்கு யாருக்கு என்பதைத் தலைமை நீதிபதி முடிவு செய்கிறார். பெரும்பான்மை சொல்வதே தீர்ப்பு. மாறுபடுபவர் தன் காரணத்தைத் தனியே எழுதலாம்.

சொன்னதைத் திருத்தவும் வழி உண்டு. 1 கி.மீ. உத்தரவால் மக்கள் படும் சிரமத்தை மத்திய அரசும் மாநிலங்களும் எடுத்துச் சொல்ல, 2023 ஏப்ரல் 26-ல் அது தளர்த்தப்பட்டது. மண்டல அறிவிப்பு ஏற்கெனவே வெளியான இடங்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். சுரங்கத் தடை மட்டும் நீடித்தது. முதல் உத்தரவிட்ட மூவரில் ஒருவரான பி.ஆர்.கவாய், திருத்திய அமர்விலும் இருந்தார்.

பால் வெட்டும் கைகளுக்கு டெல்லி தூரம்தான். ஆனால் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். இந்த உதவி உச்ச நீதிமன்றம் வரை உண்டு.