ஒட்டுச் சீட்டும் ஒளிவிளக்கும்

"சோதிக்கப்பட்டது!"

பெட்டியின் மேலே ஒட்டிய சீட்டு அப்படித்தான் கூறுகிறது. சோதித்தவர் யார்? என்று சோதித்தார்? எந்தக் கருவி கொண்டு சோதித்தார்? எத்தனை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தார்? சீட்டிலே விடை இல்லை. சீட்டை நம்பு என்கிறது வணிகம். திறந்து பார் என்கிறது அறிவு. இந்த இரண்டுக்கும் இடையேதான் நமது பட்டறையிலே நாள்தோறும் வழக்கு நடக்கிறது!

நாம் பழுது பார்ப்பது மேடை விளக்குகளை. கூரையிலே தொங்கிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய விளக்குகள் அல்ல. கழுத்தைத் திருப்பி, தலையைக் குனிந்து, நொடிக்கொரு நிறம் காட்டும் தானியங்கி விளக்குகள். 'மூவிங் ஹெட்' என்பர் தொழிலிலே உள்ளோர். கல்யாண மண்டபத்திலே, கல்லூரி விழாவிலே, மாநாட்டு மேடையிலே, "ஷார்ப்பி போட்டாயிற்றா?" என்று கேட்கும் குரலைப் பலரும் கேட்டிருப்பர். இத்தாலி நாட்டுக் கிளே பாக்கி நிறுவனம் தனது விளக்கொன்றுக்கு வைத்த பெயர் அது. இன்றோ, ஊசிபோல் ஒளிக்கற்றை வீசும் விளக்குக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது!

இவ்வகை விளக்கு பெருமேடை ஏறியது 1981ஆம் ஆண்டிலே. அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து ஷோகோ நிறுவனத்தார் ஆக்கிய 'வாரி-லைட்', பார்சிலோனா நகரிலே ஜெனசிஸ் இசைக் குழுவினரின் நிகழ்ச்சியிலே ஒளிர்ந்தது. நெடுங்காலம் அதனை விலைக்கு விற்கவே இல்லை. வாடகைக்கு மட்டுமே தந்தனர். அந்நாளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கென ஒரு கட்டளை முறை வைத்திருந்தது. ஒருவர் செய்த பலகை மற்றவர் செய்த விளக்கை ஆள இயலாது. 1986ஆம் ஆண்டு அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக் கழகத்தார் 'டி.எம்.எக்ஸ். 512' என்னும் பொது நெறி வகுத்தனர். ஒரே வடத்திலே 512 கட்டளை வழிகள்! எவர் செய்த விளக்காயினும் எவர் செய்த பலகைக்கும் இணங்கியது. அன்று மூடிய கதவு திறந்ததால்தான், இன்று நம் ஊர் இளைஞன் விரல் நுனியிலே அத்தனை விளக்குகளையும் ஆட்டிவைக்கிறான்.

எல்.இ.டி. வந்தபின், மின்வில் குழல் கொண்ட விளக்குகளைப் பெரிய வாடகை நிறுவனங்கள் கழித்துக் கட்டுகின்றன. அவை கைமாறி, ஊர்மாறி, கடல் கடந்தும் வருகின்றன. புதியது வாங்கப் பொருளில்லாதோர்க்குப் பழையதே வழி. அதிலே இழிவேதும் இல்லை. பத்தாண்டு உழைத்த நல்ல விளக்கு, முறையாகப் பழுது பார்த்தால், இன்னும் பல ஆண்டு உழைக்கும். பழையது என்பது குற்றமல்ல. பாராமல் ஏற்பதே குற்றம்!

ஒரு நாடகக் குழுவினர் எட்டு விளக்குகளை நம்மிடம் கொணர்ந்தனர். ஆளுக்குக் கொஞ்சமாகத் திரட்டிய பணம். தரகர் ஒருவரிடம் வாங்கிய சரக்கு. எட்டிலும் அந்தச் சீட்டு. "நாளை மறுநாள் நாடகம், ஐயா! இரண்டு விளக்கு சரியாகத் திரும்பவில்லை, அதை மட்டும் பார்த்துக் கொடுங்கள். எரிந்தால் போதும்" என்றார் குழுத் தலைவர். அருகிலே நின்றான் ஓர் இளைஞன். இரும்புச் சட்டத்தின் மேலேறி விளக்கு மாட்டும் வேலை அவனுடையது.

எரிந்தால் போதுமா? நாம் முதலில் செய்வது, எரிய விடாமலிருப்பது! மின்சாரம் தருமுன் கண்ணும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். கருகிய வாடை உண்டா? திருகாணி குறைகிறதா? தொங்கவிடும் கொக்கி உறுதியா? அது கைவிட்டால் தாங்கிப் பிடிக்கும் இரண்டாவது கம்பிவடம் உண்டா? 15 கிலோ முதல் 40 கிலோ வரை எடையுள்ள பொருள், நடிப்பவர் தலைக்கு மேலே தொங்கப் போகிறது அல்லவா!

பின்னர் எர்த் கம்பி. பிளக்கின் மூன்றாவது முனைக்கும் விளக்கின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு உண்டா என்று அளந்தோம். ஐந்து விளக்குகளில் உண்டு. மூன்றில் இல்லை! பிளக்கைக் கழற்றினோம். பச்சைக் கம்பியை வெட்டி, மடித்து, உள்ளே ஒளித்து வைத்திருந்தார் எவரோ ஒரு புண்ணியவான்!

ஏன் வெட்டினார்? மெக்கர் விடை சொல்லிற்று. 500 வோல்ட் கொடுத்துக் காப்புத்தடையை அளந்தால், இவ்வகைக் கருவியிலே ஒரு மெகாஓமுக்குக் குறையலாகாது. அந்த மூன்றில் ஒரு விளக்கு அதன் அருகேகூட வரவில்லை. மூடியைத் திறந்து கம்பிக் கட்டைப் பின்தொடர்ந்தோம். தலை திரும்பத் திரும்ப, கழுத்தருகே கம்பி இரும்பிலே உரசி உரசி, மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. எர்த் இருந்தவரை மின்கசிவு நிலத்துக்குப் பாய்ந்தது. காப்புப் பொறி 'டிரிப்' ஆகி மின்சாரத்தை நிறுத்தியது. காட்சி நடுவே விளக்கு அணையும் தொல்லை! தொல்லைக்குக் காரணம் தேடவில்லை. எச்சரித்த கம்பியை வெட்டினர். பொறி வாய் மூடிற்று, விளக்கு எரிந்தது, அதன் உடலெங்கும் 230 வோல்ட் வந்து குடியேறக் காத்திருந்தது, வியர்த்த கை ஒன்று வந்து பற்றுவதற்காக!

மற்றொன்றும் கண்டோம். அதே விளக்கின் கைப்பிடியிலே சிவப்புக் கயிறு; கயிற்றிலே காய்ந்துபோன எலுமிச்சம்பழம். காற்று போகும் துளைகளின் மேல் குங்குமம். கண்ணேறு படாமல் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடாம்!

எலுமிச்சை இருந்தது, எர்த் கம்பி இல்லை!

கட்டியவர் தீயவர் அல்லர். தம் ஆட்கள்மேல் அக்கறை கொண்டுதான் கட்டியிருப்பார். ஆனால், அக்கறை போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லையே! கயிறு கட்டிய நேரத்திலே பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால், உண்மையான காவல் கிடைத்திருக்குமே!

அடுத்து, மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் கட்டம். விளக்கினுள்ளே நிறத்தட்டையும் உருவத்தட்டையும் சுழற்றுவது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றுக்கு 200 அடி, அடிக்கு 1.8 பாகை. தான் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. ஆகவே, விழித்தவுடன் தட்டைச் சுழற்றி, அதிலே ஒட்டிய சிறு காந்தம் உணர்கருவியின் எதிரே வருமிடத்தைத் தேடும். கண்டபின்தான் அங்கிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு விளக்கு தேடிக்கொண்டே இருந்தது. நிறத்தட்டிலே பிழை என்று திரையில் எழுத்து வந்தது. "போர்டு போயிற்று, மாற்றவேண்டும்" என்று வேறோரிடத்திலே சொல்லியிருந்தனராம். மின்சாரத்தை நிறுத்தி, அடுத்த தட்டின் மோட்டார் இணைப்பை இதற்கு மாற்றிப் பார்த்தோம், மோட்டார் நலம். உணர்கருவியை அளந்தோம், அதுவும் நலம். பிறகு தட்டைப் பார்த்தோம், காந்தம் இல்லை! சூட்டிலே பசை இளகி, அடித்தட்டிலே விழுந்து கிடந்தது. எடுத்து, எந்த முகம் உணர்கருவியைப் பார்க்கவேண்டும் என்று சோதித்து, சூடு தாங்கும் பசையால் ஒட்டினோம். திரும்ப மறுத்த மற்றொன்றுக்குப் பல் தேய்ந்த பெல்ட் மாற்றினோம். போர்டு போகவில்லை, பொறுமைதான் போயிருந்தது!

மூன்றாவது விளக்கு, "குழல் எரிந்தது 120 மணி" என்று காட்டிற்று. அந்த எண்ணைப் பொத்தானை அழுத்தியே சுழியமாக்கலாம் என்பது தொழிலறிந்தோர் அறிந்தது. ஆறவிட்டுத் திறந்தோம். குவார்ட்ஸ் குமிழ் கறுத்து, ஒருபுறம் புடைத்திருந்தது. உள்ளே பெரும் அழுத்தத்திலே பாதரச ஆவி எரியும் குழல் அது. ஆயுள் கடந்தால் வெடிக்கும். எண் இளமை பேசிற்று. குழல் முதுமை காட்டிற்று. கண்ட சாட்சியை நம்பினோம். எண்ணின் வாக்குமூலத்தைத் தள்ளினோம்.

"இன்னொன்றுக்குப் பேய் பிடித்திருக்கிறது ஐயா, தானாகத் துள்ளுகிறது" என்றான் அந்த இளைஞன், பாதி சிரிப்பும் பாதி அச்சமுமாக. பேயைத் தேடினோம். டி.எம்.எக்ஸ். வடத்தின் கடைசி விளக்கிலே 120 ஓம் தடை பொருத்தவேண்டும், பொருத்தாவிடில், கட்டளை முனையிலே மோதித் திரும்பி, பின்வரும் கட்டளையோடு கலக்கும், விளக்கு தடுமாறும். சிறு தடையொன்றைச் செருகினோம். துள்ளல் நின்றது!

இறுதியாக, எரியவிட்டுக் காத்திருத்தல். ஐந்து நிமிடத்திலே நல்ல பிள்ளையாக நடக்கும் விளக்கு, ஒரு மணி கழித்துச் சூடேறியதும் தன் குணம் காட்டும். மேடைப் புகையின் பிசுக்கு விசிறியிலே படிந்து காற்றை அடைக்கும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். துடைத்தோம், வீங்கிய மின்தேக்கிகளை மாற்றினோம், இரவெல்லாம் ஓடவிட்டோம்.

மறுநாள் ஆறு விளக்குகளைத் தந்தோம். இரண்டை நிறுத்தி வைத்தோம்: குழல் புடைத்தது ஒன்று, கம்பி தேய்ந்தது மற்றொன்று. தலைவர் முகம் வாடிற்று. "குழல் இல்லாததை விடுங்கள். மற்றது எரிகிறதே ஐயா! ஓர் இரவுக்குத்தானே? பையன் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்வான்" என்றார்.

"மேலே ஏறுபவர் யார்? தாங்களா, அந்தத் தம்பியா?" என்று கேட்டோம்.

அவர் பேசவில்லை. பணம் போட்டவர் கீழே. பணயம் வைக்கப்படும் உயிர் மேலே! விளக்குத் தொழிலில் மட்டுமா இந்த வழக்கம்? சாக்கடைக் குழியிலே, பட்டாசு ஆலையிலே, எங்கெங்கும் இதுதானே கணக்கு! நெடுநேரம் கழித்து, "ஆறு போதும்" என்றார். நாடகம் ஆறு விளக்குடன் நடந்தது. பார்க்கச் சென்றிருந்தோம், "இன்னும் இரண்டு எங்கே?" என்று கேட்டவர் எவரும் இல்லை.

அடுத்த வாரம் அந்த இளைஞன் தனியே வந்தான். "அந்தப் பெட்டியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லித் தருவீர்களா, அண்ணே?" என்றான். மெக்கரைத்தான் கேட்டான். அரை நாளிலே கற்றான். இப்போது, அளந்து பாராத விளக்கை அவன் தோளிலே ஏற்றுவதில்லை. கூலி கொடுப்போர் சிலருக்கு இது பிடிக்கவில்லை, "எரிவது தெரியவில்லையா, பெரிய இஞ்சினியரோ?" என்கிறார்களாம். அவனோ அளவைக் காட்டுகிறானாம்!

நாமும் சீட்டு ஒட்டுகிறோம். ஆனால், "சோதிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதுவதில்லை. நாள், எர்த் அளவு, காப்புத்தடை அளவு, எத்தனை மணி நேரம் ஓடிற்று, எதை மாற்றினோம், எதைச் சோதிக்க இயலவில்லை, அத்தனையும் எழுதுகிறோம். அதையும் நம்பிவிட வேண்டாம், மீண்டும் அளந்து பாருங்கள் என்பதே வாங்கிச் செல்வோர்க்கு நமது வேண்டுகோள்.

இளைஞர்காள்! உங்கள் ஊர் விழாவிலே விளக்கு ஏற்றும்போது, மேலே நிமிர்ந்து ஒளியைப் பார்க்குமுன், கீழே குனிந்து அந்தப் பிளக்கைப் பாருங்கள். மூன்றாவது முனை இருக்கிறதா? இருந்தால், அதன் பின்னே கம்பி இருக்கிறதா? கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். மேலே ஏறுகிறவன் நம் தம்பி!