பூட்டும் ஒழுங்கையும்

தமிழாசிரியனுக்கு இணையத்தைப் பற்றி எழுத என்ன உரிமை என அன்பர்கள் வினவலாம். சொல்லின் பொருளை ஆராய்வது என் தொழில். ‘பாதுகாப்பு’ என்னும் சொல் இந்நாளிற் பெரிதும் பொருள் மயங்கி வழங்குகின்றது. அம்மயக்கம் நம் மாணவரையும் பற்றியிருத்தலால் இதனை எழுதத் துணிந்தேன்.

2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்திற் கலவரம் மூண்டபோதும், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரிலில் அரசுக்கு எதிரான போராட்டம் வலுத்தபோதும் இலங்கையில் முகநூல், வாட்ஸ்அப் முதலியன தடைசெய்யப்பட்டன. அத்தடையைக் கடக்கப் பலரும் நாடியது வீ.பி.என். என்னும் செயலியை. கனடாவிலும் இலண்டனிலும் உறவினரையுடைய நம் கொடிகாமத்தாருக்கும் அது கைகொடுத்தது. தடைகள் நீங்கின; செயலியோ பலருடைய கைத்தொலைபேசியிலே தங்கிவிட்டது. அஃது இருந்தால் வங்கித் தளத்துக்கும் இரட்டைக் காவல் என மாணவர் சிலர் என்னிடம் உறுதியாகவே உரைக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் கணக்கைப் பாட்டிக்குப் பார்த்துக்கொடுப்பவன் பேரன். ஆதலின் அவன் நம்பிக்கை அவனோடு நின்றுவிடுவதன்று.

முகவரியின் முன்னே எச்.ரி.ரி.பி.எஸ். என்று அமைந்த தளத்துக்கும் நம் கருவிக்கும் இடையே செய்தி மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றது. வழியில் நிற்போர் கடவுச்சொல்லைக் காணார். கணக்கின் இருப்பையும் அறியார். எத்தளத்துக்குச் செல்கின்றோம் என்பது மட்டும் இணைப்பை வழங்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் புலனாகும்.

கண்டி வீதிவழியே ஒருவர் பூட்டிய பெட்டியோடு கொடிகாமச் சந்தைக்குச் செல்கின்றார் எனக் கொள்வோம். பெட்டியிலுள்ள பொருள் எவருக்குந் தெரியாது; அவர் புகுந்த கடை வீதியில் நிற்போருக்குத் தெரியும். வீ.பி.என். இருபுறமும் வேலியடைத்த ஒழுங்கை போன்றது. அதன்வழிச் சென்றால் வீதியிலுள்ளோர் காணார். ஒழுங்கைக்கு உடையவர் காண்பார். ஒழுங்கை முடியுமிடத்தில் வேலியும் முடிகின்றது. அங்கிருந்து கடைவரை காப்பது பழைய பூட்டே. பார்ப்பவர் மாறினாரேயன்றிப் பார்வை ஒழியவில்லை.

ஆகவே, ஒழுங்கைக்கு உடையவர் யார் என்பதே வினா. முகநூல் நிறுவனம் நடத்திய ஒனாவோ புரொடெக்ற் என்னும் இலவச வீ.பி.என். செயலி, தகவலைக் காப்பதாகக் கூறியே பரப்பப்பட்டது. பயனாளர் எச்செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்தினர் என்னும் விவரத்தை அந்நிறுவனம் தன் வணிகத்துக்குக் கொண்டது. 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் அதன் துணை நிறுவனங்கள் இரண்டுக்கும் மொத்தம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

வீ.பி.என். பயனற்றது என்று கூறுகின்றேனல்லேன். தடையைக் கடக்கவும், பொது இணைப்பில் நாம் செல்லும் தளங்களை அயலார் அறியாது மறைக்கவும், அலுவலக வலையமைப்பை வீட்டிலிருந்து அணுகவும் அது உதவும். ஆயின், பூட்டுள்ள தளமெல்லாம் நேர்மையான தளமன்று. வஞ்சகனும் தன் தளத்துக்குப் பூட்டிடலாம். அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கின்றது. வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி அமைத்த போலித் தளத்தில் நாமே கடவுச்சொல்லை எழுதிக்கொடுத்தால் எவ்வொழுங்கையும் நம்மைக் காவாது. லகர ழகர வேறுபாடு அறிந்து வாசிக்கப் பழகிய கண், முகவரியையும் எழுத்தெழுத்தாக வாசிக்கட்டும்.

கணினித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இவ்விழா ஆண்டில் ஒரு நாள் வகுப்பறைக்கு வந்து, ஆசிரியன் உவமையாற் கூறியதனை மாணவர்க்குச் செய்முறையாற் காட்டுங்கள். கல்லூரிக்கு நீங்கள் தரும் நன்கொடைகளுள் அதுவும் ஒன்றாகும்.