தானா வந்ததா?

மூன்றாம் வகுப்பு. எட்டு வயது. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். வாத்தியார் அடிக்கவில்லை, சிரித்தார். "உங்காளுகளுக்குக் கணக்கு ஏறாதுடா. பறை அடிக்கச் சொன்னா கை தானா போகும்."

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "தானா வந்துச்சா? அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடிச்சுப் பிடிச்சுக் காப்புக் காய்ச்சிருக்கு பாரு. ஒரு அடி பிசகினா எங்கப்பன் முதுகுல ஒண்ணு வைப்பாரு. அப்படி வந்துச்சு." அவருடையது பல வருடப் படிப்பு. ஊர் அதற்கு வைத்த பெயர் 'பிறவிக் குணம்'.

கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது அந்தச் சொல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது: 'இயல்பான நாட்டம்'. பண்டமாற்றுச் செய்வது மனித இயல்பு, அதிலிருந்தே வேலைப் பிரிவினை பிறந்தது என்று 1776இல் ஆடம் ஸ்மித் எழுதியதைப் பாடமாக நடத்தினார்கள். அதே அத்தியாயத்தில் அவர் சொன்ன இன்னொன்றை யாரும் நடத்தவில்லை. தத்துவவாதிக்கும் தெருவில் சுமை தூக்குபவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பழக்கத்தாலும் கல்வியாலும் வந்தது. ஆறு, எட்டு வயது வரை இருவரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்திருப்பார்கள் என்கிறார்.

எட்டு வயது! நூலகத்தில் அதைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது.

1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் இன்னும் தெளிவாகச் சொன்னார்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது, அதுவும் இயல்பான திறமையைப் பார்த்து அல்ல, பெற்றோரின் நிலையைப் பார்த்து. 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. 'குலக்கல்வி' என்று எதிர்த்து மக்கள் போராடினார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. குலத்தொழில் ரத்தத்திலேயே ஊறியது என்றால், அதைப் பழக்க ஒரு திட்டம் எதற்கு?

தோழர்களே, "அவங்களுக்கு அது இயல்பா வரும்" என்று யாராவது சொன்னால் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். யார் பழக்கினார்கள்? வேறு எதைப் பழக விடாமல் தடுத்தார்கள்? இதனால் யாருக்கு லாபம்?

அப்பாவின் கை இன்னும் காய்ந்துதான் இருக்கிறது. பறை அவர் கற்ற கலை. அதை விரும்பி நானும் கற்றேன். கணக்கையும் கற்றேன். இரண்டுமே தானாக வரவில்லை.