யாழுக்கு ஒரு பலகை

ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் பாடற்குழு இளைஞர் மீட்டும் கிதாரின் பெயர், 'கித்தாரா' என்னும் பழங்கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பெயர் நெடுந்தொலைவு நடந்து நம்மிடம் வந்துவிட்டது. அப்பெயருக்குரிய பழங்கருவியோ வழியிலேயே நின்றுவிட்டது.

ஆமையோட்டின்மேல் தோல் போர்த்து, இரு கொம்புகளை நிறுத்தி, குறுக்குச் சட்டத்தில் பெரும்பாலும் 7 நரம்புகளைக் கட்டினர் பண்டைக் கிரேக்கர். அதுவே லைரா. மரத்தாலான பெரிய கித்தாரா தேர்ந்த கலைஞருக்குரியது. இன்று கிரேக்கத்தின் கிரீட் தீவில் 'லீரா' எனப்படுவதோ, வில்லால் இழைத்து வாசிக்கும் மூன்று தந்திக் கருவி. பெயர் பழையது, கருவி வேறு.

நம் யாழின் கதை இன்னும் துயரமானது. பத்தர், போர்வைத் தோல், கோடு, திவவு என அதன் உறுப்புகளைச் சங்கப் புலவர் நுணுகிப் பாடினர். செங்கோட்டியாழுக்கு நரம்பு 7, பேரியாழுக்கு 21 என்பது மரபு. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் யாழை விரிவாக வருணிக்கின்றது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, பரிசிலருக்குத் தேர் ஈந்து புகழ்பெற்றவன். ஆம், யாழொலி கேட்ட மண் இது.

கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் திருப்பாடல் வாசித்து முடித்தபோது, ஒரு சிறுமி, "சாமி, யாழ்னா எப்படி இருக்கும்?" என்றாள். கரும்பலகையில் வரைந்து காட்டினோம். "இப்ப யாரு வாசிக்கிறாங்க?" என்றாள் மீண்டும். அந்த வினா நம்மோடு மலையிறங்கி வந்தது.

யாழ் ஏன் மறைந்தது? ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பது அதன் இயல்பு. குரலின் வளைவு நெளிவுகளை அது பின்தொடர இயலவில்லை. தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமற்போக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியையே உடைக்க முற்பட்டார் எனப் பெரியபுராணம் கூறும். மெட்டுகளுடைய வீணை பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது.

ஆயினும் கருவியின் குறை மட்டுமே காரணமன்று. அரசவையில் பொற்றாமரை சூடிய பாணரைப் பிற்காலச் சமுதாயம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. அதே யாழ்ப்பாணர் மதுரைத் திருக்கோயிலின் வாயிலில் நின்று வாசித்தவர்தாம். தரையின் ஈரம் தாக்கினால் நரம்பு தளரும், அவருக்குப் பொற்பலகை இடுங்கள் என்று இறைவனே பணித்ததாகப் புராணம் உரைக்கின்றது. நம் நெஞ்சைத் தொடுவது அந்தப் பலகையே! ஈரத்தரையில் நின்ற ஒருவரை, அவர் கருவியை, யாரோ எண்ணிப் பார்த்த அடையாளம் அது.

பலகை இடுவோர் பிற்காலத்திலும் இருந்தனர். மட்டக்களப்பு மண் ஈன்ற விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947-இல் வெளிவந்தது. அவ்வாண்டே அடிகள் மறைந்தார். அண்மை ஆண்டுகளில் சென்னைக் கைவினைஞர் தருண் சேகர் யாழை மீண்டும் செய்து ஒலிக்கச் செய்துள்ளார். யாழின் உறவான வில்வடிவ 'சாங்' பர்மாவில் இன்றும் வாழ்கின்றது. அங்கு அதைக் கற்பிப்போரும் கற்போரும் உள்ளனர்.

அன்பர்களே, நம் ஊர்த் திருவிழாக்களில் தேருக்கு முன்னே பறை முழங்குவோர், விருந்து நேரத்தில் எங்கே அமர்கின்றனர்? இவ்வாண்டு பந்தி தொடங்குமுன் நாம் ஒவ்வொருவரும் எழுந்து சென்று பார்ப்போம்.