ரோஜாவுக்கு மாலை ஸ்நானம்

உங்கள் வீட்டில் ரோஜாச் செடி இருக்கிறதா? இருந்தால், தயவுசெய்து நான் செய்த காரியத்தை நீங்கள் செய்யாதீர்கள்!

கடத்தூருக்குக் குடிவந்தபோது, பிறந்த வீட்டிலிருந்து ஒரு பன்னீர் ரோஜாக் குச்சியைக் கொண்டுவந்து கொல்லையில் ஊன்றினேன். அம்மா வளர்த்த செடியின் குச்சி. இப்போது அம்மாவும் இல்லை, அந்தச் செடியும் இல்லை. இதன் மேல் எனக்கு எத்தனை அபிமானம் என்று சொல்லவா வேண்டும்? தினமும் விளக்கேற்றும் வேளையில் ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக் குளிப்பாட்டுவேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இலைகளில் மை தெறித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள். ஒவ்வொன்றாக உதிர்ந்து, செடி வெறும் முள்ளாக நின்றது. "திருஷ்டிதான்" என்றாள் அடுத்த வீட்டுப் பாட்டி. மிளகாய் சுற்றிப் போட்டேன். மிளகாய்தான் செலவு!

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "திருஷ்டி இல்லேம்மா, தண்ணிதான். ராத்திரியிலே இலை ஈரமா நிக்கக் கூடாது" என்றார்.

உண்மைதான். கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சணத்தின் வேலை. இலை தொடர்ந்து 7 மணி நேரம் நனைந்திருந்தால் போதும், அது பற்றிக்கொள்ளும். உதிர்ந்த இலையில் தங்கியிருந்து, தெறிக்கும் தண்ணீரோடு மறுபடி மேலே ஏறும். ஆக, என் உபசாரமே செடிக்கு உபத்திரவம்!

புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து, உதிர்ந்ததையும் கூட்டி எரித்தேன். காலையில், அடியில் மட்டும் தண்ணீர். அப்புறம், கொடிக்காலுக்குப் போடும் போர்டோக் கலவை. அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் மயில்துத்தம். இன்னோர் அரை லிட்டரில் 10 கிராம் சுண்ணாம்பு. துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கி அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. கத்தியைத் தோய்த்துப் பாருங்கள். செம்புக் கறை படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். துத்தம் விஷம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இந்த மருந்தின் கதை வேடிக்கையானது. பிரான்ஸில் போர்டோ பக்கத்துத் திராட்சைக்காரர்கள், பழம் திருடுகிறவர்களை மிரட்டப் பாதையோரக் கொடிகளில் இதைத் தெளித்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தார் மில்லார்டே என்ற பேராசிரியர். 1885-ல் உலகுக்குச் சொன்னார்.

தை பிறந்ததும் என் செடி துளிர்த்தது. முதல் பூவை அம்மா படத்துக்கு வைத்தேன்.

இப்போதும் விளக்கேற்றும் வேளையில் குடத்தை எடுக்கக் கை பரபரக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.